ஆட்காட்டி கத்தும் வயல்

லோசான்
5 மார்ச் 2024

அன்புள்ள கஜலக்சுமி அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். வட்ஸ்அப் காலத்தில் இவள் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு அழைத்தால் அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார். நான் அக்காவிடம் சொல்வதைக் கீழ் மாடிப் போர்த்துக்கீசக் குடும்பமும் சேர்ந்து கேட்கிறது. போன ஞாயிறு நான் ஒன்று கேட்க, அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்லி, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் சூழலியல் அலுவலகத்துக்கு உங்கள் றீட்மாட் கெமைண்டவிலிருந்து, அதுதான் ஊர்ச்சபையிலிருந்து, ஒரு வேலை வந்திருக்கிறது. உங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், தொழிற்பேட்டை மதிலோடு ஒரு ஈர வயல் கிடக்கிறதல்லவா, அதை வாகனத் தரிப்பிடம் ஆக்குவதா, பறவைக்கு விடுவதா என்று ஊர்ச்சபை முடிவெடுக்கப் போகிறதாம். அங்கே கீபிட்ஸ் பறவை குஞ்சு பொரிக்கிறதா, சுற்றியுள்ள இரைச்சல் அதை என்ன செய்கிறது என்று நாங்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் தமிழ்க் கோயில் இருப்பதால் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கீபிட்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் ஆட்காட்டிதான். சுவிஸில் உள்ளதற்குத் தலையில் ஒரு கொண்டை, அவ்வளவுதான் வித்தியாசம். வெறும் தரையில் முட்டையிடும். ஆளோ நாயோ காகமோ வந்தால் தாய் கத்தும். கத்திய உடனே குஞ்சு மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். அசையாத குஞ்சைக் காகத்தால் காண முடியாது. அதற்கு இருக்கும் பாதுகாப்பு அது ஒன்றுதான்: தாயின் குரல் குஞ்சின் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் குஞ்சு தன் பாட்டில் நடந்து திரியும், காகம் தூக்கிக்கொண்டு போகும்.

உங்கள் திருவிழா மே மாதம். குஞ்சுகள் நடந்து திரிவதும் அப்போதுதான். திருவிழாவுக்குக் கூரையில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்று வயலைப் பார்த்தபடி இருக்கும். அதை மட்டும் மற்றப் பக்கம் திருப்பச் சொல்லி அத்தானிடம் கேளுங்கள். கோயில் தலைவர் அவர்தானே. பூசையை நிறுத்தச் சொல்லவில்லை, மேளத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு ஸ்பீக்கரின் முகத்தைத் திருப்பினால் போதும்.

அத்தானின் உடம்பு எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை
வேணுகா


றீட்மாட்
17 மார்ச் 2024

அன்புள்ள தங்கை வேணுகாவுக்கு,

பிள்ளையார் துணையால் நாங்கள் சுகம். உன் இருமல் போய்விட்டதா? அந்த லோசான் மேடுகளில் தொப்பி இல்லாமல் ஏறி இறங்கினால் இருமல் வராமல் வேறு என்ன வரும்? இஞ்சி போட்டுக் கொத்தமல்லி அவித்துக் குடி. உனக்கு அதெல்லாம் சொன்னால் சிரிப்பு.

ஸ்பீக்கர் விஷயத்தை அத்தானிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார். அவருடைய 'பாப்பம்' எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கோயில் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது செயலாளர் அருட்செல்வன், "ஆட்காட்டியைப் பாக்க ஆட்காட்டி வாறா" என்றாராம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அத்தான் வந்து சொல்ல நானும் சிரித்தேன். குசினிக்குள் போன பிறகுதான் யோசித்தேன். ஆளைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பேர் எங்கள் சனத்திடம் லேசான பேர் இல்லை. அந்த வயல் வந்தால் திருவிழாக் கார்களை விட இடம் கிடைக்கும் என்று எல்லாரும் ஆசையோடு இருக்கிறார்கள். பார்த்து நட.

மேல் மாடிப் பெண் எங்கள் ரிவி சத்தம் என்று கட்டிடம் பார்க்கும் ஹவுஸ்வார்ட்டிடம் முறைப்பாடு செய்துவிட்டாள். இந்தச் சனத்துக்கு ஊசி விழுந்தாலும் முறைப்பாடுதான். நான் யன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அத்தானின் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்
அக்கா


லோசான்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. கொத்தமல்லி குடித்தேன், பொய் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

வேலிக் கட்டைகளில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டிவிட்டேன். ஒரு சோடி வந்திருக்கிறது. ஒரே ஒரு சோடி. வயலுக்குள் இறங்கி முட்டை தேட எங்களுக்கு அனுமதி இல்லை, மனிதன் நடந்த தடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆள் கிட்ட வரும்போது பறவை பறந்து போய்விட்டால் அது வழிப்போக்கன். போகாமல் ஆளின் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், கீழே முட்டையோ குஞ்சோ இருக்கிறது. அப்படி ஒரு பதிவு கிடைத்தால் போதும், அந்த வயலில் யாரும் தார் ஊற்ற முடியாது.

இரைச்சலைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. ஒரு பக்கம் ஓட்டோபான் நெடுஞ்சாலை, பகல் முழுக்க வாகனங்களுக்கு ஓய்வே இல்லை. சனிக்கிழமைகளில் துப்பாக்கிக் கழகம் சூடு பழகுகிறது. இரண்டையும் அறிக்கையில் எழுதினேன். என் மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஓட்டோபான் மத்திய அரசின் சொத்து, துப்பாக்கிக் கழகத்துக்குத் தலைமுறை தலைமுறையாக உரிமை, ஆகவே நடைமுறைக்கு ஏற்ற சிபாரிசு கோயில் ஸ்பீக்கர் மட்டும்தான் என்றார். யாரைத் தடுக்க முடியுமோ அவரைத்தான் தடுப்பார்களாம். நான் மேசையில் அடித்துக் கதைத்தேன். கோபம் வந்தால் எனக்குப் பிரெஞ்சு இலக்கணம் பிழைத்துவிடும். அவர் இலக்கணத்தைத் திருத்தினார்.

ஆனால் கோயில் பக்கமும் சுத்தமில்லை, அக்கா. முந்தைய திருவிழாக்களின்போது கெமைண்ட அளந்த அளவுகள் என்னிடம் இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அதே ஸ்பீக்கர், அதே பாட்டு, அதே சனம். பிறகு ஏன் ஏறுகிறது? அந்தக் குமிழைத் திருப்புவது யார்?

பதில் போடுங்கள்.

வேணுகா


றீட்மாட்
15 ஏப்ரல் 2024

அன்புள்ள தங்கைக்கு,

புதுவருட வாழ்த்துகள். நேற்றுக் கோயிலில் பொங்கல். பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. வரும் வருடம் எல்லாருக்கும் நன்றாக இருக்கும் என்று ஐயர் சொன்னார். நீ வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உனக்கென்று தலையில் வைத்துக் குளிக்க மருத்துநீர் கொஞ்சம் எடுத்து வைத்தேன், பிறகு யாருக்கென்று வைத்திருப்பது என்று ஊற்றிவிட்டேன்.

குமிழைத் திருப்புவது யார் என்று கேட்டிருந்தாய். அத்தான்தான். அம்பிளிபயரில் வேறு ஒருவரையும் கை வைக்க விடமாட்டார். அது உனக்குத் தெரிந்ததுதானே.

இருபத்தைந்தாம் திகதி கெமைண்டவில் கூட்டம். அத்தான் எழும்பிக் கதைக்கப் போகிறார். வேலை முடிந்து விடியக்காலை வரும்போது அந்த வேலியில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். "ஒரு குருவியும் கத்தேல்லை. இவள் சும்மா கதை விடுறாள்" என்கிறார். அவர் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. உன்னைச் சின்னப் பிள்ளையாக இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு வளர்த்தவர். சபையில் அவருக்கு எதிராக எழும்பி நிற்காதே. இவ்வளவுதான் நான் கேட்பது.

தலையிடியாக இருக்கிறது, இத்துடன் முடிக்கிறேன்.

அக்கா


லோசான்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தலையிடி சுகமாக வேண்டும். இந்தக் கடிதம் அதைக் கூட்டும், மன்னியுங்கள்.

வியாழக்கிழமைக் காலைப் பதிவை இன்று கேட்டேன். முதலில் ஓட்டோபான். பிறகு சப்பாத்துச் சத்தம், ஒரு செருமல். எனக்குத் தெரிந்த செருமல். உடனே ஆட்காட்டிகள் எழும்பிவிட்டன, இரண்டும். போகவில்லை. தாழப் பதிந்து பதிந்து, கருவிக்கு நேர் மேலே நின்று கத்துகின்றன. காதில் இருந்த ஹெட்போனை நான் கழற்ற வேண்டியிருந்தது. அதற்கு நடுவில் அத்தானின் குரல், போனில் செயலாளர் அருட்செல்வனுடன் கதைக்கிறார்: "நான் வேலியடியிலைதான் நிக்கிறன், செல்வன். ஒரு சத்தமும் இல்லை. இஞ்சை குருவி இல்லை."

அதைச் சொல்லும்போது குருவி அவர் தலைக்கு மேல். சொல்லி முடித்த பிறகும் அங்கேதான்.

முதலில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நடிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன். நடிக்கிறவருடைய குரல் அப்படி இருக்காது. அவ்வளவு நிம்மதியாகச் சொல்லுகிறார். அக்கா, நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். அத்தானுக்குக் காது கேட்கிறதா? காது மங்கும்போது முதலில் போவது உயர்ந்த குரல்கள்தான். ஆட்காட்டியின் குரல் அப்படிப்பட்ட குரல்.

நான் தேடிய பதிவு இதுதான். வேலியில் ஒரு மனிதர், அவர் தலைக்கு மேல் போக மறுக்கும் பறவை. இதைக் கூட்டத்தில் ஒருமுறை போட்டுக் காட்டினால் வயல் தப்பும், ஸ்பீக்கரும் திரும்பும். போடலாமா என்று உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. போடாமல் இருக்க ஒரு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

வேணுகா


றீட்மாட்
22 ஏப்ரல் 2024

வேணு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதை விரைவுத் தபாலில் போடப் போகிறேன்.

ஓம். அவருக்குக் கேட்காது. பாண் தொழிற்சாலையில் மா குழைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று நின்றே காது போய்விட்டது. சில வருடங்களாகக் கூடிக்கொண்டு வருகிறது. டொக்டரிடம் நான் பதில் சொல்லுகிறேன், கடையில் நான் பதில் சொல்லுகிறேன். தமிழ் கதைக்கிறவர்களின் வாயைப் பார்த்துப் பாதியைப் பிடித்துவிடுவார். இங்கத்தை ஊர் ஜெர்மனான சுவிஸ் டொய்ச் கதைக்கிறவர்களிடம் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வருகிறார். காதுக்கு மெஷின் போடச் சொன்னார்கள். "எனக்குச் செவிடன் எண்டு பேர் வைக்கவோ?" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்பிளிபயர் பழசாகிவிட்டது, சத்தம் எழும்புதில்லை என்று அவர் நினைக்கிறார். அதனால்தான் குமிழைத் திருப்பிக்கொண்டே போகிறார். கோயிலில் யாருக்கும் தெரியாது. தெரிய நான் விட்டதில்லை.

ஒன்றை விளங்கிக்கொள். அவர் பொய் சொல்லவில்லை. குருவி இல்லை என்று உண்மையாகவே நம்புகிறார். நீ அதைப் போட்டால் சபை முழுக்கச் சிரிக்கும். வெள்ளைக்காரர் ஒருமுறை சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். எங்கள் சனம் அவர் சாகும்வரை சிரிக்கும். நீ வயலைக் காப்பாற்றிவிட்டு ரயில் ஏறிப் போய்விடுவாய். நான் அந்த மனிதனோடு இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

போடாதே. காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதினால் நீ கோபிப்பாய். ஆனால் அப்படித்தான் கேட்கிறேன்.

அக்கா


லோசான்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கூட்டத்தில் நடந்ததை அத்தான் வெற்றி என்று வந்து சொல்லியிருப்பார். நான் பார்த்ததையும் கேளுங்கள்.

அத்தான் எழும்பி, தினமும் காலையில் வேலியில் நிற்பதாகவும் ஒரு பறவைச் சத்தமும் கேட்டதில்லை என்றும் நல்ல டொய்ச்சில் சொன்னார். வீட்டில் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். சபைத் தலைவி அவரிடம் சுவிஸ் டொய்ச்சில், அப்படியென்றால் வயல் பறவைக்கே இருந்தாலும் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா என்று கேட்டார். "யா, யா" என்றார் அத்தான். சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நீங்கள் எந்தச் சிரிப்புக்குப் பயந்தீர்களோ அது எப்படியும் வந்துவிட்டது, அக்கா. அவருக்கு விளங்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

நான் மற்றப் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். சபையில் இருந்த விவசாயி ஒருவர், இவை தங்கிப் போகும் பறவைகள், நாள் தவறாமல் வேலியில் நிற்கிற மனிதரை நம்புவதா, கட்டையில் கட்டிய பெட்டியை நம்புவதா என்றார். வியாழக்கிழமைப் பதிவு என் பையில் இருந்தது. கையை அதன் மேல் வைத்தபடியே இருந்தேன். கையை எடுக்கவில்லை, அதையும் எடுக்கவில்லை. குஞ்சு பொரிப்பதற்கு ஆதாரம் இல்லை, வயல் தரிப்பிடமாகும், கோயில் ஸ்பீக்கர் வழமைபோல என்று முடித்துவிட்டார்கள். வேலை அடுத்த கோடையில் தொடங்குமாம்.

வெளியே வரும்போது அருட்செல்வன் அண்ணை, "என்ன பிள்ளை, ஆட்காட்டி வாய் திறக்கேல்லையோ?" என்றார். திறந்திருந்தால்தான் அவர் வைத்த பேர் எனக்குப் பொருந்தியிருக்கும். அத்தான் என் தோளில் தட்டி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ரயிலுக்கு நேரம் இருந்தது.

நீங்கள் கேட்டதை நான் செய்துவிட்டேன். நான் கேட்டது இன்னும் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அந்த ஒரு ஸ்பீக்கரைத் திருப்பச் செய்யுங்கள். குஞ்சு முட்டைக்குள்ளிருந்து வரப்போகும் நேரம் இது.

வேணுகா


லோசான்
16 ஜூன் 2024

அக்காவுக்கு,

சுகமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை. பரவாயில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்த பிறகும் கருவிகளை நான் கழற்றவில்லை. மே நடுவில் குஞ்சின் குரல் விழுந்தது. மெல்லிய குரல், இரண்டு என்று நினைக்கிறேன். ஆதாரம் இல்லாத குஞ்சுகள். அவசரமாகக் கெமைண்டவுக்கு எழுதினேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

தேர்த் திருவிழா அன்று ஸ்பீக்கர் வயலைப் பார்த்தபடியேதான் இருந்தது. பதிவில் நாதஸ்வரமும் அறிவித்தலும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆட்காட்டியின் குரலைக் கணினித் திரையில் ஒரு கோடாகத்தான் காண முடிகிறது. கத்தியிருக்கிறது. விடாமல் கத்தியிருக்கிறது. கேட்பவர் இல்லை. மதியம் அன்னதானத்துக்கு ஸ்பீக்கரை நிறுத்தியபோது காகங்களின் சத்தம் வந்தது. குஞ்சின் குரல் வரவில்லை. தாய் அடுத்த நாளும் கத்தியது. அதற்கு அடுத்த நாள் காலையில் ஓட்டோபான் மட்டும்தான்.

எனக்கு அத்தானில் கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது. உங்களில் கோபம், அக்கா. தெரிந்துகொண்டே யன்னலைச் சாத்தினீர்கள். என்னில் அதைவிடக் கோபம். அந்தப் பதிவை நான் போட்டிருக்க வேண்டும்.

வேணுகா


றீட்மாட்
23 மார்ச் 2025

அன்புள்ள தங்கை வேணுகாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். இவ்வளவு காலம் எழுதாமல் இருந்ததற்கு என்ன சொல்லுவது? எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. ஸ்பீக்கரைத் திருப்பச் சொல்லி அத்தானிடம் நான் திரும்பக் கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்டால், குருவியைப் பற்றிக் கதை எடுத்தால் காதைப் பற்றிக் கதை வரும். அதுதான் காரணம்.

உன் ஜூன் மாதக் கடிதம் கன நாள் என் கைப்பையில் கிடந்தது. மார்கழியில் ஒரு நாள், பொறுக்க முடியாமல், அத்தானின் பக்கத்தில் இருந்து அதை வாசித்துக் காட்டினேன். கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. மேல் மாடிப் பெண் தரையில் தட்டினாள். நான் நிறுத்தவில்லை. அவருக்குத் தெரியாது என்று நீ எழுதிய இடத்தில், "என்ன தெரியாது?" என்று கேட்டார். உங்களுக்குக் காது கேட்காது என்று தெரியாது என்றேன். இத்தனை வருடத்தில் அந்த வசனத்தை அவர் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தரம். எழும்பிப் போய்விட்டார். தைப்பொங்கல் முடிந்து, தானாகவே, டொக்டரிடம் நேரம் எடுக்கச் சொன்னார்.

இப்போது இரண்டு காதிலும் மெஷின். வீட்டில் பெரிய கரைச்சல். குளிர்சாதனப் பெட்டி உறுமுதாம், நான் செருப்பைத் தேய்த்து நடக்கிறேனாம், கடுகு வெடிப்பது காதைக் குத்துதாம். கோயிலில் போன வெள்ளிக்கிழமை குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டார். அருட்செல்வன் வந்து, "என்ன தலைவர், செற் பழுதோ?" என்று கேட்க, "செற் நல்லாத்தான் இருக்குது. இவ்வளவு நாளும் நான்தான் பழுது" என்றாராம். ஒருவரும் சிரிக்கவில்லை என்று அவரே வந்து சொன்னார். வயல் பக்கத்து ஸ்பீக்கரை இனிக் கட்டுவதே இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

மார்ச் பிறந்ததிலிருந்து காலையில் வேலிக்குப் போகிறார். ஒன்றும் வரவில்லை. மெஷினைக் கழற்றிப் பற்றரியைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு நிற்கிறார். நேற்று என்னிடம், "அவள் பிடிச்சு வைச்சதை அனுப்பச் சொல்லு. எப்பிடிக் கத்தும் எண்டு தெரிஞ்சால்தானே வந்தால் எனக்குத் தெரியும்" என்றார்.

ஒன்று மட்டும். அவருடைய குரல் விழுந்த பதிவைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. நீ வேறு ஏதாவது நல்ல பதிவாகப் பார்த்து அனுப்பு.

அன்புடன்
அக்கா


லோசான்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் படியிலேயே நின்று பிரித்துவிட்டேன். அத்தான் மெஷின் போட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. கரைச்சல் கொஞ்ச நாளில் குறையும், மூளைக்குப் பழக வேண்டும். அவரை ஏசாதீர்கள்.

வேறு பதிவுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஆனால் நான் அனுப்புவது வியாழக்கிழமைப் பதிவைத்தான். மனிதக் குரல் விழுந்த பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி, நான் இதை அழிக்கவில்லை. குரலுக்கு உரியவர் கேட்டால் கொடுக்கலாம். அவர் கேட்டுவிட்டார். அவருடைய குரலைப் பிரித்து எடுத்துவிட்டு அனுப்பலாமா என்றும் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. அவர் கதைக்கும் இடமெல்லாம் பறவை கத்துகிறது.

எது அவர் காதுக்கு வரலாம், எது வரக்கூடாது என்று இவ்வளவு காலமும் நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். ஒருமுறை நானும் சேர்ந்து செய்தேன். இனி அவரே கேட்கட்டும். அதற்குப் பிறகு என்னோடு கதைக்காவிட்டால் அது அவர் விருப்பம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேணுகா


றீட்மாட்
18 மே 2025

அன்புள்ள தங்கைக்கு,

இருவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ அனுப்பியதைச் சமையல் மேசையில் வைத்துக் கேட்டார். முதலில் தன் செருமலைக் கேட்டுச் சிரித்தார். பிறகு குருவிகள் எழும்பியதும் தலையை உயர்த்தி முகட்டைப் பார்த்தார், வேணு. அங்கேதான் பறக்கிறது என்று நினைத்தவர் மாதிரி. தன் குரல் வந்தது. முடியும்வரை அசையவில்லை. "இதுக்குள்ளையோ நான் நிண்டனான்?" என்று கேட்டார். பிறகு, இதை ஏன் அன்றைக்கே சபையில் போடவில்லை என்று கேட்டார். போடாதே என்று நான்தான் எழுதினேன், உங்களைக் காப்பாற்ற எழுதினேன் என்று சொன்னேன். "என்னைக் காப்பாத்தச் சொல்லி ஆர் கேட்டது?" என்றார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. உன்னில் அவருக்குக் கோபம் இல்லை.

மூன்றாம் நாள் கெமைண்டவுக்குப் போனார். நான் கூடப் போக வெளிக்கிட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். போன வருடம் தான் சபையில் சொன்னது பிழை, அங்கே குருவி இருந்தது, குஞ்சும் இருந்தது, அதைத் திருத்தி எழுத வேண்டும் என்று அலுவலகப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அவள் கணினியில் பார்த்துவிட்டு, இந்த வருடம் அங்கே பறவை இல்லை என்று பதிவாகியிருக்கிறது, வேலையும் வருகிற மாதம் தொடங்குகிறது, ஆகவே திருத்துவதற்கு அவசியம் இல்லை என்றாளாம். பறவை இல்லாததற்குத் தான்தான் காரணம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர்களிடம் படிவம் இல்லையாம்.

திரும்பி வந்தார். அடுத்த நாள் மறுபடி போனார். துப்பாக்கிக் கழகத்தையும் ஓட்டோபானையும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று அதையும் கேட்டிருக்கிறார். அது வேறு பகுதி என்றார்களாம். வயல் போய்விட்டது, குருவி போய்விட்டது, இனி எழுதி என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்டேன். "நான் இல்லை எண்டு சொன்னதை மட்டும் எழுதி வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமையும் போனார். இத்தனை வருடப் பழக்கம், கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயர்ந்துவிடும். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். அந்தப் பெண் எழும்பி, நல்ல பிள்ளைதான் போல, மெல்லச் சொன்னாளாம், ஐயா, நீங்கள் கத்தத் தேவையில்லை, எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று.

"கேக்குதெண்டால் எழுதுங்கோ" என்றாராம் அத்தான்.

நாளைக் காலையும் போகிறார். கதவு திறக்கும் நேரத்துக்கே போக வேண்டும் என்று சட்டையை மினுக்கி வைத்திருக்கிறார்.

அன்புடன்
அக்கா